ஒட்டு, பாரு, ஊத்து

அவர் கேட்டது என் மகனை. பதில் சொன்னது நான்.

"தம்பி, இப்ப உன்னால முடியல, ஆனா செய்யணும்னு உனக்கு ஆசையா இருக்கு. அப்படி ஒரு காரியம் சொல்லு" என்று அந்த ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) மேடம் கேட்டு முடிப்பதற்குள், "வலது கையால சாப்பிடணும் மேடம்" என்று நான் முந்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அவன் பக்கமே திரும்பிக்கொண்டார். அவன் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பன்னிரண்டு வயசுப் பையன். பிறந்ததிலிருந்து அவனை எத்தனையோ டாக்டர்களும் பிசியோக்களும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தர்கூட அவனிடம் கேட்டதில்லை. பெற்ற நானும் கேட்டதில்லை.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்: "மாமா மாதிரி டீ ஆத்தணும்."

எனக்குச் சுருக்கென்றது. மதுரைப் பசுமலையில் பஸ் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அண்ணா நகர் வந்திருக்கிறோம். கல்யாண வீட்டு ஜாக்கெட் ஏழு, மெஷின் மேல் அப்படியே கிடக்கிறது. இவன் டீ ஆத்தணும் என்கிறான். "டேய், ஒழுங்கா யோசிச்சுச் சொல்லுடா" என்றேன். மேடம் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார்.

என் தம்பி பழங்காநத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் நான் துணி வாங்கவும் கொடுக்கவும் போகும்போது மகனை அந்தக் கடை பெஞ்சில்தான் உட்கார வைத்துவிட்டுப் போவேன். மாமா கை மேலே போவதையும், டீ ஒரு கம்பி மாதிரி இறங்குவதையும், கீழே இருக்கிற கிளாஸ் நுரை தள்ளி நிறைவதையும் ஏழெட்டு வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு அது அவன் பொழுதுபோகிற இடம், அவ்வளவுதான்.

அவனுக்கு மூளை முடக்குவாதம். நாங்கள் சி.பி. என்றுதான் சொல்வோம். பிறந்த இரண்டாம் நாள் ஃபிட்ஸ் வந்தது. அது நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஐந்தாறு மாதத்தில் கிலுகிலுப்பையைக் காட்டினால் இடது கையை மட்டும்தான் நீட்டுவான். "அவங்க தாத்தாவும் இடதுகைக்காரருதான்" என்று அப்பத்தா சந்தோஷப்பட்டார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். ஒரு வயசுக்குள் குழந்தைக்கு இடதுகைப் பழக்கம், வலதுகைப் பழக்கம் என்று எதுவும் தெரியக் கூடாது. இரண்டு கையையும்தான் நீட்ட வேண்டும். ஒரே கையை நீட்டினால், நீட்டாத கையை டாக்டரிடம் காட்ட வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ஒன்றேகால் வயசில் எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது: மூளையின் இடது பாதிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு. பெரியவர்களுக்கு வருகிற பக்கவாதம், இவனுக்குப் பிறக்கிற சமயத்தில் வந்திருக்கிறது. மூளையின் இடது பக்கம்தான் உடம்பின் வலது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. அதனால் வலது கையும் வலது காலும்.

காலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேசாக இழுத்து நடப்பான், ஓடுவான். கைதான் எங்கள் வீட்டுப் பேச்சு. முழங்கை மடங்கியே இருக்கும். மணிக்கட்டு கீழே தொங்கும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும், மற்ற நாலு விரலும் அதன் மேல் மூடிக்கொள்ளும். சந்தோஷமாக ஓடி வரும்போது அந்தக் கை இன்னும் மேலே, நெஞ்சுக்குப் பக்கத்தில் ஏறிவிடும். எங்கேயோ ஒரு சின்னக் குருவியைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

வலது கை இப்படி ஆனதில் நம் ஊரில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. சாப்பாடு. பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சோற்றை எடுக்கிற பையனை நாலு பேர் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். "பீச்சாங்கையால சாப்புடுறான் பாரு, சொல்லிக் குடுக்கலையா?" என்று ஒரு பெரியம்மா மண்டபமே கேட்கிற மாதிரி கேட்டதற்குப் பிறகு, இரண்டு வருஷம் அவனை எந்த விசேஷத்துக்கும் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் "வலது கையால் சாப்பிட வேண்டும்" என்பது எங்கள் வீட்டின் ஒரே வேண்டுதலாக ஆனது. அவன் ஆறாவது வயசில், நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு இடத்தில், "நல்ல கையைக் கட்டிப் போடுங்க, கெட்ட கை தன்னால வேலை செய்யும்" என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து துண்டால் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினோம். தட்டில் சோறு ஆறிப் போனது. அவன் குனிந்து வாயால் எடுக்கப் பார்த்தான். அப்பத்தாதான் அழுதுகொண்டே துண்டை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை.

நல்ல கைக்குக் கட்டுப்பாடு போட்டு, பாதித்த கையைப் பழக்குகிற முறை உண்மையிலேயே இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்கிற உளவியலாளர் ஆரம்பித்து வைத்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. என் மகனைப் போல ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளைகளுக்கு அது பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அதைச் செய்கிறவர்கள் மெத்தென்ற உறை மாட்டி, விளையாட்டாக, அந்தக் கையால் முடிகிற அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பசித்த பிள்ளையின் கையைத் துண்டால் கட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யார் வீட்டிலும் அதைச் செய்யாதீர்கள்.

மற்ற வருஷங்கள் எல்லாம் நீட்டல்தான். படுக்க வைப்பார்கள், கையை நீட்டுவார்கள், மணிக்கட்டைத் தூக்கிப் பிடிப்பார்கள், எண்ணுவார்கள். அவன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். தசை இறுகி மூட்டு மடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சரிதான். மூளையில் பட்ட காயம் வளராது, ஆனால் பிள்ளை வளர்கிறான், எலும்பு நீள்கிற வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை வருஷமும் அந்தக் கையை அசைத்தது வேறு ஆட்கள். அவன் கை, அவன் மூளை, இரண்டும் அந்த அறையில் இருந்தன. இரண்டுக்கும் வேலை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் மட்டும் என்ன செய்தேன்? நான் தையல்காரி. அவன் பேண்ட் ஒவ்வொன்றிலும் ஹூக்கையும் பட்டனையும் எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். பள்ளிச் சீருடைக்கும் அப்படித்தான். வெளியே பார்த்தால் பட்டன் மாதிரியே தெரிய, மேலே ஒரு போலிப் பட்டன் வேறு வைத்துக் கொடுத்தேன். ரொம்ப அழகாக இருக்கும். ஏழாம் வகுப்பு வரைக்கும் அவனுக்குப் பட்டன் என்ற ஒன்றோடு பழக்கமே இல்லாமல் போனது என் கைவேலையால்தான்.

மேடம் அன்றைக்கு அவனிடமிருந்து மூன்று காரியங்களை வாங்கினார். டீ ஆத்தணும். பேண்ட் பட்டனை நானே போடணும். பரோட்டாவை நானே பிய்க்கணும். மூன்றுமே இரண்டு கை வேண்டிய வேலை என்பதை அவர் சொல்லித்தான் நான் கவனித்தேன். இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறாய், அதில் உனக்கு எவ்வளவு திருப்தி என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்டார். டீக்கு ஒன்று, ஒன்று. பட்டனுக்கு இரண்டு, ஒன்று. பரோட்டாவுக்கு மூன்று, இரண்டு. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் போடுகிற மார்க்கையே பார்த்தவன், தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்கிறபோது எவ்வளவு யோசித்தான் தெரியுமா! இந்த அளவுகோல் கனடாவிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் வந்தது, உலகம் முழுக்க ஓ.டி.க்கள் வைத்திருக்கிறார்கள். முடிவில் மறுபடி மார்க் போடச் சொல்வார்கள். இரண்டு மார்க் கூடினாலே அது நிஜமான முன்னேற்றம்.

ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் தொழில்முறை சிகிச்சை, செயல்வழி மருத்துவம் என்று விதவிதமாக எழுதுகிறார்கள். "சின்னப் பையனுக்கு எதுக்குடி தொழில் பயிற்சி?" என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே தொழில் என்பது பிழைப்புக்கான தொழில் இல்லை. ஒரு ஆளுக்கு அவன் நாள் முழுக்கச் செய்ய வேண்டியதும் செய்ய ஆசைப்படுவதுமான எல்லாக் காரியமும். பல் விளக்குவது, சட்டை போடுவது, கோலி விளையாடுவது, டீ ஆத்துவது.

இரண்டாம் தடவை போனபோது மேடம் ஒரு அட்டையை அவன் கையில் கொடுத்தார். கொட்டை எழுத்தில் நாலு வரி. என்ன செய்யணும்? எப்படிச் செய்யப் போறேன்? செஞ்சு பார். சரியா வந்துச்சா? "வரலைன்னா ரெண்டாவது வரிக்குப் போ. வேற எப்படின்னு யோசி" என்றார். மொத்த வைத்தியமும் இந்த அட்டைதான் என்றார். நான் நம்பவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனை கருவி பார்த்திருக்கிறோம், ஒரு அட்டையா!

டேபிள் மேல் இரண்டு பிளாஸ்டிக் மக், கீழே ஒரு பேசின், பச்சைத் தண்ணீர். வலது கையில் ஒரு மக்கைப் பிடிக்க வைப்பதற்கே நேரமானது, ஆனால் பிடித்தான். இடது கையால் மற்ற மக்கைத் தூக்கினான். தூக்கத் தூக்க வலது கை விரல் இறுகி, மக் உள்பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் முழுக்க அவன் மடியில். நான் எழுந்து ஓடி வலது கையைப் பிடித்து நிமிர்த்தினேன். மேடம் கோபப்படவில்லை. "அம்மா, செத்த நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. உங்க கை வந்தா அவன் மூளை ஓய்வெடுத்துக்கும்" என்றார்.

அப்புறம் நடந்ததை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் புரிந்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

"தண்ணி எங்க போச்சு?"

"கீழ."

"ஏன்?"

"தெரியல."

"இன்னொரு தடவை ஊத்து. இந்தத் தடவை கீழ இருக்கிற மக்கை மட்டும் பாரு."

ஊற்றினான். சிந்தியது. "சாயுது" என்றான்.

"எப்ப சாயுது?"

மறுபடி ஊற்றினான், மெதுவாக. "இந்தக் கை மேல போறப்ப."

"அப்ப அது சாயாம இருக்க என்ன பண்ணலாம்?"

பதில் இல்லை. வாயைத் திறந்து 'டேபிள் மேல வைடா' என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டேன். மேடம் சும்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெளியே பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்து முடிந்தது. அவன் தானாகவே வலது மக்கை டேபிளில் வைத்தான், ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் கை தட்டப் போனேன். அவன் முகம் மலரவில்லை. "இது இல்ல. மாமா டேபிள்ல வெக்க மாட்டாரு" என்றான். மேடம் சிரித்துவிட்டு, "சரி, வேற யோசி" என்றார்.

அடுத்தது அவன் கண்டுபிடித்தது. வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் அந்தக் கை மேலே ஏற முடியவில்லை. ஏற முடியாததால் மக்கும் அவ்வளவாகச் சாயவில்லை. இடது கையை வேலை வாங்கும்போது வலது கை இறுகுவது அவன் பிடிவாதமோ சோம்பலோ இல்லை, ஒரு பக்கம் பாதித்த பிள்ளைகளுக்குத் தானாக நடப்பது. அதைத் தடுக்க வெளியே இருந்து நாங்கள் வார் வைத்துக் கட்டிப் பார்த்திருக்கிறோம். அவன் தன் இடுப்பையே சுவராக்கிக்கொண்டான். பிறகு, ஊற்றுகிற மக்கைப் பார்த்தால் சிந்துகிறது, வாங்குகிற மக்கைப் பார்த்தால் சிந்தவில்லை என்று கண்டுபிடித்தான். மூன்றையும் சேர்த்துத் தனக்குள் சொல்லிக்கொள்ள அவனே ஒரு மந்திரம் வைத்துக்கொண்டான். ஒட்டு, பாரு, ஊத்து.

வலது கையில் காது வைத்த மக், அதன் காதுக்குள் நுழைகிற மாதிரி இரண்டு விரல் என்பதும் அவன் யோசனைதான், மாமா கடை மக்கைப் பார்த்துச் சொன்னான். இன்னொன்று. என் தம்பிக்கு வலது கை மேலே போகும், இடது கை கீழே நிற்கும். இவனுக்கு இடது மேலே, வலது கீழே. மாற்றிச் செய்கிறானே என்று கேட்டேன். "மாமாவுக்கும் இந்தப் பக்கம்தானே மேல போகுது" என்று இடது கையை ஆட்டினான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவனுக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாமாவின் வலது கை இவன் இடது கைப் பக்கம்தானே தெரியும். இத்தனை வருஷமும் அந்தப் பையன் தன் உடம்புக்குத் தோதாகவே அதைப் பார்த்துப் பழகி வைத்திருக்கிறான்.

இந்த முறைக்குக் கோ-ஆப் என்று பெயர். அன்றாடக் காரியங்களை யோசனையின் வழியாகப் பழக்குவது. கனடாவில் ஹெலன் பொலடைகோ, ஏஞ்சலா மாண்டிச் என்ற இரண்டு பெண்கள் 1990-களில் உருவாக்கினார்கள். முதலில் சி.பி. பிள்ளைகளுக்காக இல்லை. லேஸ் கட்ட வராது, சைக்கிள் ஓட்ட வராது, பந்து பிடிக்க வராது, ஆனால் ஸ்கேனில் எந்தக் காயமும் தெரியாத பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களுக்காக. அட்டையில் இருந்த நாலு கேள்வி டொனால்ட் மைக்கன்பாம் என்ற உளவியலாளரின் வேலையிலிருந்து எடுத்தது. பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொண்டே ஒரு வேலையை நடத்திக்கொள்ள முடியும் என்று 1970-களிலேயே அவர் காட்டியிருந்தார். பிறகு இது பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் சி.பி. பிள்ளைகளுக்கும் போனது. ஆஸ்திரேலியாவில் 2018-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. பாதித்த கையைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை (ஸ்பிளிண்ட்) மாட்டிய பிள்ளைகள், இப்படி யோசித்துப் பழகிய பிள்ளைகள், இரண்டும் செய்த பிள்ளைகள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டை மட்டும் மாட்டியவர்களைவிட யோசித்துப் பழகியவர்கள் தாங்கள் ஆசைப்பட்ட காரியத்தில் நன்றாகத் தேறினார்கள். அதோடு பட்டையையும் சேர்த்ததால் பெரிதாக ஒன்றும் கூடிவிடவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் நாலு பட்டை கிடக்கிறது.

2022-ல் சி.பி. பிள்ளைகளுக்கென்று வந்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: காரியத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், அந்தக் காரியத்தையே முழுசாகப் பழகட்டும், அவன் வாழ்கிற இடத்திலேயே பழகட்டும், போதுமான நேரம் பழகட்டும். எவ்வளவு நேரம் என்றால், ஒரு தனிக் காரியத்துக்கு 14 முதல் 25 மணி நேரம், வீட்டில் செய்வதையும் சேர்த்து. மொத்தக் கையும் தேற வேண்டுமென்றால் 30, 40 மணி நேரம். மேடம் இதைச் சொன்னதும் என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். பழக முடிந்த நாளில் கால் மணி நேரம், சில நாள் இருபது நிமிஷம். மையத்தில் பதினோரு தடவை. மூன்று மாதத்தில் கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு மணி நேரம் சொச்சம். அதற்கு முன்னால் பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் மணி நேரம் அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான் என்று கூட்ட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டில் எனக்கு மேடம் கொடுத்த பாடம் நாலே நாலு. சொல்லாதீங்க, கேளுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் கேளுங்க. கையைத் தொட்டுத் திருத்தாதீங்க. எங்க தப்புதுன்னு அவன் கண்ணுக்குத் தெரியுற மாதிரி செய்ங்க. கேட்க லேசாக இருக்கிறது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுகிற நேரத்தில் பத்து தடவை என் கை அவன் பக்கம் போகும். ஊசியும் நூலுமாக எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன், கைக்கு வேலை இருந்தால் அது அங்கே போகாது என்று. அந்த மூன்று மாதத்தில் நான் வைத்த ஹூக்குகள் ஏராளம்.

இது எல்லாப் பிள்ளைக்கும் இதே மாதிரி பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி புரிய வேண்டும், ஏதோ ஒரு வழியில் பதில் வர வேண்டும். சி.பி. உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு இருக்கிறது, நாலில் ஒருவருக்குப் பேச்சு வராது. ஆனால் இங்கேதான் நம் ஆட்கள் பெரிய தப்பு செய்கிறார்கள். பேச்சு வராவிட்டால் யோசனையும் இல்லை என்று தீர்மானித்துவிடுகிறார்கள். மையத்தில் எங்களுக்கு முன்னால் உள்ளே போகிற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், மேலூர்ப் பக்கம். அவளுக்கு உடம்பு முழுக்க அவள் இஷ்டத்துக்கு இல்லாமல் முறுக்கி அசையும். பேச்சு கிடையாது, வாயில் எச்சில் வழியும். எல்லோரும் அவள் அம்மாவிடம்தான் "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார்கள். மேடம் இரண்டு வளையலை இரண்டு பக்கம் தூக்கிப் பிடித்து அவளைக் கேட்டார், "இன்னைக்கு எதைப் போடலாம்?" அவள் கண் சிவப்பு வளையலுக்குப் போய் அங்கேயே நின்றது. மேடம் வேண்டுமென்றே பச்சையை எடுத்தார். அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இருக்கிறதே, வெளியே காத்திருந்த நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதற்குப் பிறகு நானும் அவளைத்தான் நேராகப் பார்த்துப் பேசுகிறேன். அவளுக்கு ஆமாம் என்றால் மேலே பார்ப்பாள், இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வாள்.

பட்டன் கதையைச் சொல்லிவிடுகிறேன். டீ ஓரளவு வந்த பிறகுதான் பட்டனை எடுப்பதாக இருந்தது. எலாஸ்டிக்கைப் பிரித்து, உண்மையான பட்டன் வைத்து, காஜாவைக் கொஞ்சம் பெரிதாக அடித்து ஒரு பேண்ட் தயார் செய்து வைத்திருந்தேன். பழக்கம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரு நாள் சலவைக்குப் போட்டதெல்லாம் காயாமல், அவசரத்தில் அவன் அப்பா அந்தப் பேண்ட்டை மாட்டிவிட்டு, பட்டனையும் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். மத்தியானம் நினைவு வந்து எனக்குப் பதறியது. பாத்ரூம் போனால் என்ன செய்வான்? மெஷினை விட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் நின்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி அவனைக் கூப்பிடச் சொன்னேன். வந்தான். பட்டன் போட்டிருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கி, ஆனால் போட்டிருந்தது. "யார்டா போட்டுவிட்டா?" என்றேன். "நான்தான். வலது கையால துணியை வயித்தோட சேத்து ஒட்டிக்கிட்டேன், அப்பறம் பாத்துக்கிட்டே தள்ளுனேன். ரொம்ப நேரம் ஆச்சு, மிஸ் திட்டுனாங்க" என்றான். ஒட்டு, பாரு. மூன்றாவது வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் வகுப்புக்குத் திரும்பிப் போகிற வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீட்டிவிட்ட கை ஒரு நாளும் இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதில்லை. தாவியது கை இல்லை, யோசனை.

சலுகைகளைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் பெயர் சொல்லியே இருக்கிறது. தனித்துவ அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள், மற்றது எல்லாம் அதைக் கேட்டுத்தான் நகரும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் காசு இல்லை. கடுமையாகப் பாதித்தவர்களுக்கு மாநில அரசின் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய். பொதுத்தேர்வில் எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், கூடுதல் நேரமும் உண்டு. பிசியோ கிடைக்கிற அளவுக்கு ஓ.டி. கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. எங்களுக்கு இரண்டு பஸ். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஒரு ஓ.டி. உட்கார்ந்தால் எத்தனை பிள்ளைக்கு அந்த முதல் கேள்வி போய்ச் சேரும்!

கடைசியில் மறுபடி மார்க் போட்டான். டீக்கு ஆறு, திருப்திக்கு ஒன்பது. "ஏன் செய்யறதுக்கு ஆறு?" என்று மேடம் கேட்டார். "சூடா இன்னும் ஆத்தலையே" என்றான். உண்மைதான். பச்சைத் தண்ணீரிலிருந்து வெதுவெதுப்பான பாலுக்கு வந்திருக்கிறோம். கொதிக்கிற டீயை இப்போதைக்குத் தொடக் கூடாது என்று மேடம், மாமா, நான் மூன்று பேரும் சொல்லிவிட்டோம். கடையில் பதினோரு மணிக்கு மேல் கூட்டம் குறைகிற நேரத்தில் அவனுக்கென்று ஒரு மக்கும் கிளாஸும் எடுத்து வைத்திருக்கிறான் என் தம்பி. முதல் முதலாக ஆத்தின பாலை அப்பத்தாவுக்குத்தான் கொடுத்தான். வலது கையில் கிளாஸ் ஆடும் என்பதால் இடது கையால் நீட்டினான். அப்பத்தா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். "குடு ராசா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வலது கையால் சாப்பிடுவதைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டான், நானும் சாப்பிட்டேன்.

இப்போது பரோட்டா நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமா நாலு பரோட்டா வாங்கி வந்திருந்தான். வலது மணிக்கட்டைத் தட்டின் மேல் அழுத்திப் பரோட்டாவைப் பிடித்துக்கொண்டு இடது கையால் இழுக்கிறான், முழுப் பரோட்டாவும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வருகிறது. என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள, அங்கிட்டு இல்ல, ஓரத்துல அமுக்கு, இந்தா இப்படி" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

மகன் தட்டை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டான்.

"சொல்லாத மாமா. கேளு."

என் தம்பி என்னைப் பார்த்தான். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"சரி மாப்ள. எது வழுக்குது?"